பணி ஆணை இல்லாத வேலை: புதிய தொழிலாளர் சட்டங்கள் நம் ஊர்க் கடைக்கும் கழனிக்கும் சொல்வது என்ன?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த 29 சட்டங்கள் இந்த நான்கில் அடக்கப்பட்டன. ஊதியம் பற்றியது 2019-லும், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஐந்தாறு ஆண்டுகள் கிடப்பில் இருந்தவை ஒரே நாளில் அமலுக்கு வந்தன.

அறிவிப்பு வந்த கையோடு பெருநகரங்களில் உள்ள சட்ட நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களான கம்பெனிகளுக்கு வழிகாட்டுக் குறிப்புகளை அனுப்பத் தொடங்கிவிட்டன. சம்பளப் பட்டியலை எப்படி மாற்றுவது, எந்தப் படிவத்தை எப்போது கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வில்லியனூர் கடைத்தெருவில் ஆறு பேரை வைத்து பிரியாணிக் கடை நடத்துபவருக்கு அப்படி ஒரு குறிப்பு வருவதில்லை. சுல்தான்பேட்டையிலிருந்து சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குத் தினமும் பைக்கில் போய்வரும் இளைஞருக்கும், பாகூர் பக்கத்தில் நடவுக்கு ஆள் கூப்பிடும் விவசாயிக்கும், தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் அது வருவதில்லை. சட்டம் மட்டும் இவர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

முஹல்லாக்களில் ஜமாஅத்தின் முன் வரும் வழக்குகளைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். தலாக், சொத்துப் பங்கீடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது சம்பளத் தகராறுதான். "மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டார்" என்று ஒருவர் சொல்வார். "அட்வான்ஸ் வாங்கியதைக் கழித்துவிட்டேன்" என்று மற்றவர் சொல்வார். இருவரும் தொழுகையாளிகள், இருவரும் பொய் சொல்பவர்கள் அல்ல. ஆனால் இருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியது.

முதலில் ஒரு தெளிவு: எந்தச் சட்டம் யாருக்கு?

"இனி எல்லாத் தொழிலாளிக்கும் பணி ஆணை கட்டாயம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. அது பாதி உண்மை. பணி ஆணையைக் கட்டாயமாக்குவது பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். அத்தகைய இடங்களில் புதிதாகச் சேருபவருக்குச் சேரும்போதே பணி ஆணை தர வேண்டும். ஏற்கெனவே ஆணை இல்லாமல் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டம் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் தந்திருக்க வேண்டும். அந்தக் கெடு 2026 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தம்பிமார்கள் தங்களிடம் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளட்டும்.

ஊதியச் சட்டத் தொகுப்போ வேறு மாதிரி. அதில் ஊதியம் தொடர்பான பகுதிக்கு ஆள் எண்ணிக்கை கணக்கில்லை. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருக்கும் தையல் கடைக்கும் அது பொருந்தும். முன்பு குறைந்தபட்ச ஊதியம் பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே இருந்தது. இப்போது பட்டியல் என்ற வேலி இல்லை. மத்திய அரசு ஓர் அடிமட்ட ஊதியத்தை நிர்ணயிக்கும். புதுச்சேரி அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் அதற்குக் கீழே போக முடியாது.

எண்ணிக்கையை வைத்து வரும் கடமைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை, பிரசவ கால விடுப்பு ஆகியவை வரும். 20 பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதியும் போனஸும் சேரும். 10 பேருக்குக் குறைவான கடையும் முதலாளியும் பணியாளர்களும் விரும்பினால் இ.எஸ்.ஐ.-யில் தாமாகச் சேரலாம். இ.எஸ்.ஐ.-க்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 112 ரூபாய் 50 காசு. கோரிமேட்டில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக் கதவு குடும்பத்துக்கே திறக்கிறது என்றால் அது பெரிய தொகை அல்ல.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

சம்பளத் தேதி: மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வாரக் கூலி வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், தினக்கூலி அன்றைய வேலை முடியும்போதும் கொடுக்கப்பட வேண்டும். "பார்ட்டி பணம் வரட்டும், தருகிறேன்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. வியாபாரத்தின் லாப நட்டம் முதலாளியுடையது. தொழிலாளி அதில் பங்காளி அல்ல.

வேலையை விட்டு நின்றால்: இதுதான் பலருக்கும் தெரியாத மாற்றம். நீங்களே ராஜினாமா செய்தாலும், முதலாளி நிறுத்தினாலும், கடையையே மூடினாலும், வர வேண்டிய ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். "அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்" என்று அலையவிடுவது இனி சட்டமீறல். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அப்படி ஓர் உரிமையை இந்தச் சட்டங்கள் எந்த முதலாளிக்கும் தரவில்லை. நகல் கேட்டால் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடித்தம்: ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் என்ற பெயரில் பிடிப்பது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அது 390 ரூபாய். அதையும் நினைத்த காரணத்துக்கெல்லாம் போட முடியாது. அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்த தவறுகளுக்கு மட்டுமே, விளக்கம் கேட்ட பிறகே போட முடியும்.

கூடுதல் நேரம்: வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு ஊதியம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 13,000 ரூபாய், 26 வேலை நாட்கள் என்றால் நாளுக்கு 500 ரூபாய். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. கூடுதல் நேரத்துக்கு அது 125 ரூபாய். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் மாதம் 52 மணி நேரம், 6,500 ரூபாய். அதாவது மாதச் சம்பளத்தில் சரிபாதி. "கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போப்பா" என்ற அன்பான வார்த்தைக்குள் இவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது.

இந்த 8 மணி நேரத்துக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. இன்றும் ஜூலை 30 தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. உயிர் கொடுத்து வாங்கிய ஒன்றை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை: தொழிற்பேட்டைகளில் நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தக்காரர் கணக்கில்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஊதியம் தராமல் மறைந்துவிட்டால் யாரைக் கேட்பது? ஊதியச் சட்டத் தொகுப்பின்படி அவர் தராதபோது நிறுவனத்தின் உரிமையாளர் தர வேண்டும். எந்தக் கம்பெனியின் வாசலுக்குள் வேலை செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். அடையாள அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம்: ஓராண்டு, ஈராண்டு என்று எழுதி வாங்கும் வேலைகள் இனி கூடும். அதில் சேருபவருக்கு நிரந்தரப் பணியாளருக்கு உள்ள அதே ஊதியமும் சலுகைகளும் உண்டு. முன்பு ஐந்து ஆண்டு முடித்தால்தான் கிடைத்த பணிக்கொடை இவர்களுக்கு ஓராண்டிலேயே கிடைக்கும். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு விதி அப்படியே இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு

சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாகவும் படிகளைப் பெரியதாகவும் காட்டுவது பழைய உத்தி. வைப்பு நிதியும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுவதால் முதலாளிக்கு அது லாபம். புதிய விளக்கப்படி, விலக்களிக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்பட்ட தொகையும் ஊதியமாகவே கருதப்படும்.

உதாரணமாக ஒருவருக்கு மொத்தம் 20,000 ரூபாய். அடிப்படை 7,000, வீட்டு வாடகைப்படி 8,000, பயணப்படி 5,000 என்று பிரித்திருக்கிறார்கள். படிகள் 13,000. பாதி 10,000. மிஞ்சும் 3,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்ந்து, ஊதியம் 10,000 ஆகிறது. பணிக்கொடை ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. பழைய கணக்கில் ஆண்டுக்கு 4,038 ரூபாய். புதிய கணக்கில் 5,769 ரூபாய்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வைப்பு நிதிக்கு நம் பங்கும் 12 சதவீதம். அது 840 ரூபாயிலிருந்து 1,200 ஆனால் கைக்கு வரும் சம்பளம் 360 ரூபாய் குறையும். அந்தப் பணம் தொலையவில்லை, முதலாளியின் பங்கோடு சேர்ந்து உங்கள் கணக்கில் இருக்கிறது. மாத வரவுசெலவை அதற்கேற்ப வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு

நம் வீட்டுப் பெண்கள் அதிகம் வேலை பார்ப்பது தனியார் பள்ளிகள், துணிக்கடைகள், மருத்துவமனைகள், ஏற்றுமதித் தையல் கூடங்கள் ஆகியவற்றில்தான். அவர்களுக்கு மூன்று செய்திகள்.

ஒன்று, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு. 2009-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. ஏழெட்டு ஆண்டு பாடம் நடத்திவிட்டு, திருமணத்துக்காகவோ குழந்தைக்காகவோ வெறுங்கையோடு நின்றுவிடுகிற ஆசிரியைகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது குற்றம்.

மூன்று, ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது செல்லாது. இது புதிய விஷயம் அல்ல, 1976-இலிருந்தே சட்டம் இதைச் சொல்கிறது. ஆனாலும் களத்து மேட்டில் இன்றும் இரண்டு கூலிதான். இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் முதலாளியின் பொறுப்பு. வேலை இடத்தில் தொல்லை நேர்ந்தால், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் உள் புகார்க் குழுவிடமும், அதற்குக் குறைவான இடத்தில் மாவட்ட அளவிலான குழுவிடமும் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். வீட்டார் "வேலையை விட்டுவிடு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு

சிறிய முதலாளிகளைப் பயமுறுத்துவது நோக்கமல்ல. நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்பவர்களில் பலர் நேற்றுவரை இன்னொரு கடையில் நின்றவர்கள்தான். அவர்களைக் காப்பாற்றப்போவதும் காகிதம்தான்.

ஊதியச் சட்டத் தொகுப்பின் 59-ஆம் பிரிவை ஒவ்வொரு முதலாளியும் நினைவில் வைக்க வேண்டும். தொழிலாளி "எனக்குச் சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்" என்று மனு கொடுத்தால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் உண்மையிலேயே கொடுத்திருந்தாலும் கையில் ஆதாரம் இல்லை என்றால் இரண்டாவது முறை கொடுக்க நேரும். அதோடு நிற்காது. மனுவை விசாரிக்கும் அதிகாரி, பாக்கித் தொகையோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். மனு கொடுக்க மூன்று ஆண்டு வரை நேரம் உண்டு. ஊதியம் குறைத்துக் கொடுத்ததற்கு 50,000 ரூபாய் வரை அபராதமும், ஐந்து ஆண்டுக்குள் அதே தவறு மீண்டும் நடந்தால் மூன்று மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

எனவே செய்ய வேண்டியது எளிது. சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ. மூலமாகவோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுப்பது தவறல்ல, ஆனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் தேதியோடு தனியாக எழுதுங்கள். சம்பளச் சீட்டு கொடுங்கள். ஒரு பக்கத் தாளில் பெயர், வேலை, சேர்ந்த தேதி, ஊதியம், வேலை நேரம், வார விடுமுறை, விடுப்பு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் உள்ள கடைக்குச் சட்டம் இந்தத் தாளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தகராறு வரும் நாளில் அந்த ஒரு தாள் ஒன்பது சாட்சிகளுக்குச் சமம்.

பாகூர், வில்லியனூர் பகுதி விவசாயிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவர்கள் பதிவேடு, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும். சாதாரண நோட்டில் தேதி, பெயர், தொகை எழுதி வைத்தாலே போதும்.

விபத்து என்பது சிறிய முதலாளியின் பெரிய ஆபத்து. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் தொழிலாளிக்கு வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு முதலாளியின் தலையில் விழுகிறது. டிராக்டர் போன்ற எந்திரங்கள் ஓடும் விவசாய வேலையும் இதில் அடங்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், பணியிட விபத்தாகவே கருதப்படும் என்று புதிய சட்டம் சொல்கிறது. விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் அதிகாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதன் பொருள் புரியும். பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துவிடுங்கள், அல்லது இ.எஸ்.ஐ.-யில் சேருங்கள்.

சிறுவர் விஷயத்தில் சமாதானமே கூடாது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம், 2016 திருத்தத்தோடு, இன்றும் உயிரோடு இருக்கிறது. "ஏழைப் பையன், பிழைத்துப் போகட்டும் என்று வைத்தேன்" என்ற நல்லெண்ணத்துக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பையனுக்கு உதவ நினைத்தால் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் இப்போது உணவகங்களிலும் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் நிறைந்திருக்கிறார்கள். மொழி தெரியாதவர் என்பதால் அவருக்குச் சட்டம் குறையாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட புலம்பெயர்ந்த தொழிலாளர் உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பப் பயணப்படியும் தர வேண்டும். நம் பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் போதும். அமீரகத்தில் 2009 முதல் சம்பளத்தை வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் வழியாக அனுப்பிக் கண்காணிக்கும் முறை இருக்கிறது. வெளிநாடு போகும் மகனிடம் "ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பத்து முறை கேட்கிறோம். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகும் மகனிடம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

சட்டம் தந்ததும் எடுத்ததும்

இந்தச் சட்டங்களை ஒரே குரலில் வாழ்த்த முடியாது. 2025 ஜூலை 9 அன்று நாடு முழுவதும் மத்தியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. சட்டம் அமலான பிறகு நவம்பர் 26 அன்றும் போராடின. அவர்களின் கவலைக்குக் காரணம் இருக்கிறது. முன்பு 100 பேர் உள்ள தொழிற்சாலை ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் அனுமதி கேட்க வேண்டும். இப்போது அது 300 பேர். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் வந்துவிட்டது. மின்சக்தியோடு இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆகிவிட்டது. ஆய்வாளர் இப்போது "ஆய்வாளர் மற்றும் உதவியாளர்". பல தவறுகளுக்கு, வழக்குக்கு முன் திருத்திக்கொள்ள முதலில் ஒரு வாய்ப்பு தர வேண்டும்.

ஏ.எஃப்.டி. போன்ற பெரிய ஆலைகள் மூடப்பட்ட பிறகு புதுச்சேரியின் தொழிலாளி பெரும்பாலும் சிறிய கம்பெனிகளில் சிதறிக் கிடக்கிறான். ஆலைக்காலத்தில் அவனுக்காகப் பேச சங்கம் இருந்தது. இருபது பேர் உள்ள கம்பெனியில் அது இல்லை. அங்கே அவனுக்கு மிஞ்சுவது தன் கையில் உள்ள ஆவணம் மட்டுமே. பாதுகாப்பு குறையும் இடத்தில் ஆதாரத்தின் மதிப்பு கூடுகிறது என்பதுதான் இந்த மாற்றத்தின் நடைமுறைப் பாடம்.

உணவு, பார்சல் கொண்டுசேர்க்கும் இளைஞர்கள் முதல்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். செயலி நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்டு, சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். பயன் கிடைக்க இ-ஷ்ரம் தளத்தில் பதிவு வேண்டும். ஆதார் எண்ணோடு கட்டணமின்றிப் பதியலாம்.

எங்கே போவது?

ஊதியப் பாக்கி, குறைந்தபட்ச ஊதியம், பணிக்கொடை ஆகியவற்றுக்குப் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையை அணுக வேண்டும். வைப்பு நிதிக்கு அதற்குரிய மண்டல அலுவலகம், அல்லது அதன் இணையவழிப் புகார்த் தளம். வேலையை விட்டு நீக்கப்பட்டால் முதலில் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாட்களில் தீராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயம் செல்லலாம். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செல்ல வேண்டும். முன்பு அது மூன்று ஆண்டு. ஊரில் பேசிப் பேசியே அந்த இரண்டு ஆண்டைக் கழித்துவிடாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், தொழிலகத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை

பள்ளிவாசலும் மதரஸாவும் ஆள் வைத்து வேலை வாங்கும் இடங்கள்தான். தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, முழுவதுமாகவோ பெருமளவிலோ அறப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற விளக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது. இமாம்களுக்கு ஊதியம் வழங்க ஏற்பாடு செய்யும்படி வக்ஃப் வாரியங்களுக்கு உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, ஓர் இமாமுக்கும் முஅத்தினுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் ஒரு பணிக் கடிதம் கொடுப்பதை எது தடுக்கிறது? ஊதியம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், விலகச் சொல்வதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதை எழுதிவிட்டால், நிர்வாகம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பம் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை.

மார்க்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பாடத்தின் அடிப்படை. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை மிம்பரில் சொல்லாத ஆலிம் இல்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கொடுக்காத சம்பளமும் கடன்தான்.

நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. முஹல்லாவில் ஒரு வழக்கறிஞரையோ தொழிலாளர் துறையில் ஓய்வு பெற்றவரையோ அழைத்து, மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் அமர வையுங்கள். மாதிரிப் பணிக் கடிதம், சம்பளப் பதிவேட்டுத் தாள் ஆகியவற்றை நகல் எடுத்து வையுங்கள். சகோதரச் சமுதாய மக்களும் வந்து வாங்கிப் போகட்டும். சமரசம் பேசும்போது முடிவை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், தவணைத் தேதிகளையும் குறியுங்கள். சமரசம் முறிந்தால் சட்ட வழியைத் தடுக்காதீர்கள். ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் ஓர் ஏழையின் மனுவை நிறுத்தி வைப்பது அநியாயத்துக்குத் துணை போவதாகிவிடும்.

சம்பள நாளில் முதலாளி ஒரு வரி எழுதட்டும், தொழிலாளி ஒரு கையெழுத்துப் போடட்டும். அமானிதத்தைப் பேணும் மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக.